நார்கோலெப்சிக்கு சாப்பாடு, கை வைத்தியம்: எது உதவும், எதுல சிக்கல் வரும்

அக்கா, நீங்க கேட்டதை ஒரு தடவை சுருக்கமா சொல்லிடறேன், மத்தவங்களுக்கும் புரியட்டும். பையனுக்கு 21 வயசு, இன்ஜினியரிங் கடைசி வருஷம். போன மாசம் ஸ்லீப் டெஸ்ட் எடுத்து நார்கோலெப்சி டைப் 1னு சொல்லிட்டாங்க, அதாவது பகல்ல அடக்க முடியாம தூக்கம் வர்றதும், சிரிச்சா கோவப்பட்டா தசை தளர்ந்து விழறதும் சேர்ந்த வியாதி. முழிப்புக்குக் காலையில மோடாஃபினில் மாத்திரை ஆரம்பிச்சாச்சு, சிரிச்சா முழங்கால் மடங்கி உட்கார்ந்துடறான்னு வென்லாஃபாக்சினும் சேர்த்துக் குடுத்திருக்காங்க. ஆனா வீட்ல பெரியவங்க எல்லாம் இந்த வயசுல ஆரம்பிச்சு வாழ்நாள் பூரா மாத்திரை முழுங்கறதா, சாப்பாட்டை மாத்தி மூலிகை குடுத்தா சரியாகிடும்னு சொல்றாங்க, எதைக் கேக்கறதுனு தெரியலன்னு எழுதியிருந்தீங்க.

நான் டயட்டீஷியன், ஆனா இதைப் பத்தி நான் இவ்வளவு படிச்சதுக்குக் காரணம் என் தம்பி. அவனுக்கு 17 வயசுல ஆரம்பிச்சுது, பேர் வைக்கறதுக்குள்ள 23 ஆயிடுச்சு. நடுவுல சோம்பேறின்னு திட்டு, படிப்புல கவனம் இல்லன்னு டியூஷன் மாத்தினது, ராத்திரி நெஞ்சு மேல யாரோ உட்கார்ந்து அமுக்கற மாதிரி இருக்கு கத்தக்கூட முடியலன்னு அவன் அழுதப்ப அமுக்குவான் பேய்னு சொல்லி மந்திரிச்சு கயிறு கட்டினது, எல்லாம் நடந்துச்சு. அந்த அமுக்கறதும் இந்த வியாதியோட ஒரு அறிகுறிதான்னு எங்களுக்கு அப்பத் தெரியல. அதனால உங்க வீட்டுப் பெரியவங்க மேல எனக்குக் கோவம் இல்லக்கா, எங்க அம்மாவும் இதையேதான் சொன்னாங்க.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், இது புரிஞ்சா மூலிகைக் கேள்விக்குப் பாதி பதில் கிடைச்சிடும். மூளையில ஹைப்போதலாமஸ்னு ஒரு இடம், அங்க ஓரெக்சின்னு ஒரு பொருளைச் சுரக்கற நரம்பு செல்கள் கொஞ்சம் இருக்கு, முழிப்பை முழிப்பாவே பிடிச்சு வச்சிருக்கறது அதுங்கதான். அந்த ஓரெக்சினைக் கண்டுபிடிச்சதே 1998லதான். 2000ல, நார்கோலெப்சியோட இறந்துபோனவங்க மூளையை எடுத்துப் பார்த்தா, இந்த செல்கள் பெரும்பாலும் அழிஞ்சு போயிருந்துச்சு, சிலர்கிட்ட நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல காணோம். உடம்போட எதிர்ப்பு சக்தியே தப்பா இதுங்களைத் தாக்கிடுதுங்கறதுக்குத்தான் இப்ப ஆதாரம் அதிகம் இருக்கு. அழிஞ்ச செல்லைத் திரும்ப முளைக்க வைக்கற கீரையும் கிடையாது, லேகியமும் கிடையாது, உங்க பையன் சாப்பிடற மாத்திரையும் அதைச் செய்யாது. மாத்திரை முழிப்புக்கு முட்டு குடுக்குது, அவ்வளவுதான். சாப்பாடும் அதே மாதிரி இன்னொரு முட்டு. ரெண்டையும் சேர்த்துக் குடுத்தாதான் நிக்கும், ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணு போதும்னு நினைக்கக் கூடாது.

இன்னொரு விஷயத்தை வீட்ல எல்லாருக்கும் சொல்லுங்க. இவங்க அதிகமாத் தூங்கறவங்க இல்ல. 24 மணி நேரத்தையும் கூட்டிப் பார்த்தா மத்தவங்க தூங்கற அளவுதான் ஏறக்குறைய வரும். பகல்ல தூக்கம் உள்ள நுழையுது, ராத்திரி முழிப்பு உள்ள நுழையுது, எல்லை இல்லாமப் போயிடுது. நமக்கெல்லாம் தூங்கி ஒன்றரை மணி நேரம் கழிச்சு வர்ற கனவுத் தூக்கம் இவங்களுக்குக் கண்ணை மூடின 15 நிமிஷத்துக்குள்ள வந்துடும், அதனாலதான் பாதி முழிப்புல கனவு தெரியறதும் உடம்பு அசையாமப் போறதும்.

சரி, சாப்பாட்டுக்கு வர்றேன். இதுல இருக்கற ஆராய்ச்சி ரொம்பக் கொஞ்சம், பெருசா ஏமாந்துடக் கூடாதுன்னுதான் அளவோட சொல்றேன். 2004ல அமெரிக்காவுல ட்யூக் யுனிவர்சிட்டியில 9 நார்கோலெப்சிக்காரங்களுக்கு, ஒரு நாளைக்கு மாவுச்சத்து 20 கிராமுக்குள்ளன்னு ரொம்பக் கட்டுப்பாடான சாப்பாடு குடுத்துப் பார்த்தாங்க, 8 வாரம். 8 பேர் முடிச்சாங்க, அறிகுறிகளோட மதிப்பெண் சராசரியா 18 சதவீதம் குறைஞ்சுது. ஒப்பிட்டுப் பார்க்க வேற குரூப் இல்ல, ஆளும் 8 பேர்தான், இருந்தாலும் மாத்திரை இல்லாத ஒரு விஷயத்துக்கு இது சின்ன பலன் இல்ல. ஆனா 20 கிராம்னா என்னன்னு நம்ம கணக்குல பாருங்க, ரெண்டு இட்லியிலயே கிட்டத்தட்ட முடிஞ்சிடும். காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கற 21 வயசுப் பையன் அதை எத்தனை நாள் பிடிச்சு நிப்பான். என் தம்பி 5 வாரம் இருந்தான், நல்லாவே இருந்துச்சுன்னான், அப்புறம் ஒரு நாள் ராத்திரி எழுந்து மீதி இருந்த சாதம் முழுக்கச் சாப்பிட்டுட்டான், அதுக்கப்புறம் அவன்கிட்ட நான் கீட்டோ, அதான் இந்த மாவுச்சத்து குறைச்ச சாப்பாடு, அந்தப் பேச்சே எடுக்கல. இந்த வியாதியில ராத்திரி எழுந்து சாப்பிடறதும் இனிப்பு மேல அடக்க முடியாத ஆசை வர்றதும் நிறைய பேருக்கு இருக்கு, அதனால கடுமையாப் பட்டினி போடற மாதிரி எதைச் செஞ்சாலும் ராத்திரியில அது திருப்பி அடிக்கும்.

நெட்ல ஒரு விளக்கம் சுத்துது, சர்க்கரை ஓரெக்சின் செல்லை அணைக்குது, அதனால சர்க்கரையை விட்டா ஓரெக்சின் சுரக்கும்னு. முதல் பாதி உண்மைதான், குளுகோஸ் ஏறினா அந்த செல்கள் அடங்குதுன்னு எலிகள்ல காட்டியிருக்காங்க. ஆனா டைப் 1 ஆளுக்கு அந்த செல்லே இல்லையே, இல்லாததை எப்படி எழுப்பறது. பலன் வேற வழியில வருது, அது எடை குறையறதாலயா சர்க்கரை ஏறி இறங்கறது குறையறதாலயான்னு யாரும் முடிவாச் சொல்லல, ஆனா நான் பார்த்த வரைக்கும் சாப்பாட்டோட அளவும் நேரமும்தான் பெருசா வேலை செய்யுது, எந்தப் பொருள்ங்கறது அதுக்கப்புறம்தான்.

அதுலயும் மதியச் சாப்பாடு. உங்க பையன் விஷயத்துல ஒரே ஒரு மாற்றம்தான் முடியும்னா இதைச் செய்யுங்கக்கா. மத்தியானம் ஒரு மணியில இருந்து மூணு மணி வரைக்கும் எல்லா மனுஷனுக்குமே உடம்புக் கடிகாரம் கொஞ்சம் இறங்கற நேரம், சாப்பிடலன்னாலும் இறங்கும். அந்த நேரத்துல சாம்பாருக்கு ஒரு ரவுண்டு, ரசத்துக்கு ஒரு ரவுண்டு, மோருக்கு ஒரு ரவுண்டுனு தட்டு நிறைய சாதம் போட்டா நமக்கே கண்ணு சொருகும், அவனுக்கு சொல்லவே வேணாம். நாங்க வீட்ல என்ன பண்ணினோம்னா சாதத்தை ஒரு கப்புக்கு நிறுத்திட்டோம், தட்டுல முதல்ல விழறது பொரியலும் கூட்டும் முட்டையோ மீனோ சுண்டலோ, அதைச் சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் சாதம். அதே நாள் 11 மணிக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சுண்டலோ, நாலரை மணிக்கு மறுபடி ஏதாவது. மொத்தச் சாப்பாடு குறையல, ஒரே நேரத்துல கொட்டறது குறைஞ்சுது. சாதம் இல்லாம அவனால இருக்க முடியாது, அதனால அந்த ஆசையை ராத்திரி ஏழரை மணிக்கு வச்சோம், ராத்திரி தூக்கம் வந்தா நல்லதுதானே. படுக்கறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி முடிச்சிடணும், இல்லன்னா நெஞ்செரிச்சல் வந்து ஏற்கனவே உடைஞ்ச ராத்திரித் தூக்கம் இன்னும் உடையும்.

காலையில மோடாஃபினிலைச் சாப்பாட்டோட போட்டா அது வேலை செய்ய ஆரம்பிக்கறது ஒரு மணி நேரம் வரைக்கும் தள்ளிப் போகும், அதனால எழுந்த உடனே தண்ணியில போட்டுட்டு அரை மணி கழிச்சு சாப்பிடலாமான்னு டாக்டர்கிட்டக் கேளுங்க, எங்களுக்கு சரின்னாங்க, முதல் பீரியட்ல தூங்கறது அதுலயே குறைஞ்சுது. இந்த மாத்திரை பசியைக் குறைக்கும், தலைவலியும் வரும், பசங்க பசிக்கலன்னு காலைச் சாப்பாட்டை விட்டுட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு பரோட்டாக் கடையில போய் எல்லாத்தையும் சேர்த்துச் சாப்பிடுவாங்க. அதை விடாதீங்க. அடை, பெசரட்டு, முட்டை சாப்பிடுவான்னா ரெண்டு முட்டையோட ஒரு தோசை, முளைகட்டின பயறு, இந்த மாதிரி புரோட்டீன் இருக்கறதா கொஞ்சமாவது உள்ள போகணும், தண்ணி நிறைய குடிக்கணும், தண்ணி குடிக்காததாலயும் தலைவலி வரலாம்.

சிறுதானியம் பத்தி எல்லாரும் சொல்லுவாங்க. கம்பு, சாமை, வரகு எல்லாம் நல்லது, நார்ச்சத்து இருக்கு, ஆனா அதுவும் மாவுச்சத்துதான், சாமைச் சோறுங்கறதால மூணு கரண்டி சேர்த்துப் போட்டா பலன் போச்சு. கேழ்வரகைக் கஞ்சியாக் காய்ச்சி வெல்லம் போட்டுக் குடிச்சா சர்க்கரை வேகமாத்தான் ஏறும். அதையே அடையாத் தட்டி முருங்கைக்கீரை போட்டு சாப்பிட்டா வேற கதை.

எடையையும் கவனிங்க. டைப் 1ல வியாதி ஆரம்பிக்கற சமயத்துல எடை தானா ஏறும், முக்கியமா சின்ன வயசுல வந்தா. என் தம்பிக்கு ஒரே வருஷத்துல 11 கிலோ ஏறுச்சு, தின்னு தின்னு தூங்கறான்னு ஊரே சொல்லுச்சு, உண்மையில அது வியாதியோட பங்கு. எடை ஏறினா குறட்டையும் மூச்சுத் தடையும் சேர்ந்துக்கும், அப்புறம் பகல் தூக்கம் எதனாலன்னே பிரிக்க முடியாது. சாயங்காலம் நடையோ ஷட்டிலோ தினமும் ஏதாவது ஒண்ணு இருக்கட்டும், காலையில எழுந்ததும் மொட்டை மாடியில கொஞ்ச நேரம் வெயில்ல நிக்கட்டும்.

சாப்பாட்டை மாத்தறதுக்கு முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துடுங்க, ஹீமோகுளோபின் மட்டும் போதாது, ஃபெரிட்டின் (உடம்புல சேர்த்து வச்சிருக்கற இரும்புச்சத்தைக் காட்டறது), பி12, வைட்டமின் டி, தைராய்டு எல்லாம் சேர்த்து. நீங்க சைவம்னு எழுதியிருந்தீங்க, சைவ வீடுகள்ல பி12 குறைவு ரொம்ப சகஜம், அதுவே ஒரு அசதியைக் குடுக்கும். இரும்புச்சத்து குறைஞ்சா ராத்திரி படுத்தா கால்ல ஏதோ ஊர்ற மாதிரி, ஆட்டிக்கிட்டே இருக்கணும்போல இருக்கும், தூக்கம் கெடும். இதையெல்லாம் சரி பண்றது நார்கோலெப்சியைச் சரி பண்ணாது, ஆனா அது மேல ஏறி உட்கார்ந்திருக்கற பாரத்தை இறக்கும். சாப்பாட்டால நிஜமா ஜெயிக்க முடியற இடம் இதுதான்னு நான் நினைக்கிறேன்.

காபியை நிறுத்தணுமான்னு கேட்டீங்க. வேண்டாம், ஆனா நேரம் பார்க்கணும். குடிச்ச காஃபீன்ல பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அதனால மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல காபி, டீ, கோலா எதுவும் வேணாம். மோடாஃபினிலும் காபியும் சேர்ந்தா சிலருக்குப் படபடப்பு வரும், ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளரோட நிறுத்தினா நல்லது. எனர்ஜி ட்ரிங்க் பக்கமே போக வேணாம், அதுல சர்க்கரையும் சேர்ந்தே இருக்கு. சாயங்காலம் சூடா ஏதாவது வேணும்னா சுக்குமல்லிக் காபி போட்டுக் குடுங்க, பேர்லதான் காபி, காஃபீன் கிடையாது, கருப்பட்டியை மட்டும் கம்மியாப் போடுங்க. மது சுத்தமா வேணாம், இந்த மாத்திரைகளோட சேரவே கூடாது.

இப்ப மூலிகை. இங்கதான் எனக்குப் பயம் அதிகம். நம்ம வீட்ல தூக்கத்துக்குன்னு சொல்ற எந்தக் கை வைத்தியத்தையும் எடுத்துப் பாருங்க, கசகசா அரைச்ச பால், ஜாதிக்காய்ப் பொடி, அமுக்கராக் கிழங்கு (அஸ்வகந்தா) சூரணம், எல்லாமே தூக்கம் வராதவங்களுக்குத் தூக்கம் வரவழைக்கறதுக்கு. நரம்புத் தளர்ச்சி, தூக்கப் பிரச்சனைன்னு சொல்லி வாங்கினா கடைக்காரர் இதைத்தான் எடுத்துக் குடுப்பார், அவர் மேல தப்பில்ல. ராத்திரி தூக்கம் உடையுதே, அதுக்காவது குடுக்கலாமேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா மந்தம் காலையிலயும் தொடர்ந்தா பகல் இன்னும் மோசமாகும். ஜாதிக்காயில இன்னொரு ஆபத்து, அளவு மீறினா அதுவே இல்லாத உருவமெல்லாம் காட்டும், நெஞ்சு படபடக்கும். ஏற்கனவே பாதித் தூக்கத்துல உருவங்கள் தெரியற பையனுக்கு அதைக் குடுக்கலாமா சொல்லுங்க. குழம்புல வாசனைக்குப் போடறது பரவால்ல, டீஸ்பூன் கணக்குல பால்ல கலக்கறதைத்தான் சொல்றேன். அமுக்கரா சாப்பிட்ட சிலருக்கு லிவர் பாதிப்பு வந்ததும் பதிவாகியிருக்கு.

வல்லாரையைத் துவையல் அரைச்சு சாப்பிடுங்க, தாராளமா. ஞாபக சக்தி கேப்சூல்னு அடர்த்தியா வர்றது மட்டும் வேணாம், அதுவும் லேசா மந்தம் குடுக்கும். அதிமதுரம் தொண்டைக்குன்னு எங்க வீட்ல தினமும் இருந்துச்சு. அது தொடர்ந்து சாப்பிட்டா ரத்த அழுத்தத்தை ஏத்தும், பொட்டாசியத்தைக் குறைக்கும், வென்லாஃபாக்சினும் சிலருக்கு ரத்த அழுத்தத்தை ஏத்தும், ரெண்டும் சேர வேணாம். ஆன்லைன்ல மனசுக்கு நல்லதுன்னு விக்கற செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டுங்கற மூலிகை இருக்கு பாருங்க, அதைத் தொடவே கூடாது, வென்லாஃபாக்சினோட சேர்ந்தா செரோடோனின்னு ஒரு மூளை ரசாயனம் அளவு மீறி ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போகும். ஜின்செங், அது இதுன்னு சுறுசுறுப்புப் பொடிகளும் மோடாஃபினில் மேல படபடப்பைத்தான் கூட்டும்.

சப்ளிமென்ட்ல ரெண்டைப் பத்தி சொல்றேன், ஏன்னா இது ரெண்டும் முறையா சோதிச்சுப் பார்த்தது. டைரோசின்னு ஒரு அமினோ அமிலம், ஒரு காலத்துல பெரிய நம்பிக்கையாப் பேசினாங்க, 1989ல 10 பேருக்கு தினம் 9 கிராம் குடுத்து 4 வாரம் பார்த்தாங்க, மருந்து இல்லாத மாத்திரையோட ஒப்பிட்டா பிரயோஜனம்னு சொல்ற மாதிரி எதுவும் வரல. இன்னொண்ணு எல்-கார்னிடைன், ஜப்பான்ல 2013ல வந்த சோதனை, 30 பேர், தினம் 510 மில்லிகிராம், பகல்ல கண் அசர்ற நேரம் கொஞ்சம் குறைஞ்சுது, ஆனா வேற அளவுகோல்கள்ல பெரிய வித்தியாசம் இல்ல. டாக்டர் சரின்னா முயற்சி பண்ணிப் பார்க்கலாம், ஆயிரக்கணக்குல செலவு பண்ற அளவுக்கு இல்லங்கறது என் அபிப்பிராயம்.

சித்த மருத்துவத்தை நான் ஒதுக்கல. படிச்சுப் பதிவு செஞ்ச மருத்துவர்கிட்ட, தாம்பரம் சானடோரியத்துல இருக்கற தேசிய சித்த மருத்துவ நிறுவனம் மாதிரி இடத்துல போய்க் காட்டுங்க, ஆனா மாத்திரைச் சீட்டையும் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கையில கொண்டு போங்க, நரம்பியல் டாக்டர்கிட்டயும் மறைக்காதீங்க. லேபிள் இல்லாத டப்பாவுல வர்ற பொடி மட்டும் வேணாம், அந்த மாதிரிப் பொடிகள்ல ஸ்டீராய்டும் ஈயமும் கலந்திருக்கறது பல தடவை பிடிபட்டிருக்கு.

இதை மட்டும் அழுத்திச் சொல்றேன், நம்ம நாட்டு மருந்து ஆரம்பிச்சாச்சுன்னு வென்லாஃபாக்சினை ஒரே நாள்ல நிறுத்திடாதீங்க. எங்க வீட்ல அப்படிப் பண்ணி, மூணாவது நாள் தம்பி ஒரு மணி நேரத்துல எத்தனை தடவை விழுந்தான்னு கணக்கே இல்ல. சிரிச்சாலும் விழறான், கோவப்பட்டாலும் விழறான், முழு நினைவு இருக்கு, வாய் பேச வரல. அந்த மாத்திரையைச் சட்டுனு நிறுத்தினா அப்படித் திரும்பி வரும்னு அப்புறம்தான் டாக்டர் சொன்னாங்க. குறைக்கணும்னா அவங்க சொல்றபடி படிப்படியாத்தான். இதைப் படிக்கற பொண்ணுங்களுக்கு ஒண்ணு, மோடாஃபினில் சாப்பிடறப்பவும் நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கர்ப்பத்தடை மாத்திரை சரியா வேலை செய்யாது, டாக்டர்கிட்ட வேற வழி கேளுங்க.

இயற்கை வைத்தியம்னு ஒண்ணு வேணும்னா அது குட்டித் தூக்கம்தான்க்கா. மூலிகை எதுவும் அதுக்குக் கிட்ட வராது. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் 15, 20 நிமிஷம், அலாரம் வச்சு, முடிஞ்சா சாயங்காலம் இன்னொண்ணு. இந்த வியாதியில அந்தச் சின்னத் தூக்கம் நிஜமாவே தெளிவு குடுக்கும், எழுந்ததும் முகம் மாறியிருக்கும். டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி காலேஜ்ல ஹெச்ஓடிகிட்ட (டிபார்ட்மென்ட் தலைவர்) குடுங்க, லைப்ரரியிலயோ ஓய்வெடுக்கற ரூம்லயோ ஒரு பெஞ்சு போதும். ராத்திரி படுக்கற நேரமும் காலையில எழற நேரமும் ஞாயித்துக்கிழமை உட்பட மாறக் கூடாது.

சாப்பாட்டோட சேர்ந்த சில பாதுகாப்பு விஷயம் யாரும் சொல்றதில்ல. தனியா இருக்கறப்ப எண்ணெய்ச் சட்டி வச்சு எதுவும் பொரிக்க வேணாம். மீன் சாப்பிடறவங்களா இருந்தா முள்ளு எடுத்த மீனா இருக்கட்டும், சாப்பிட்டுக்கிட்டே சிரிச்சா தாடை தளர்ந்துடும், வாயில பெருசா எதுவும் இருக்கக் கூடாது. கிணத்துலயோ ஆத்துலயோ தனியாக் குளிக்கவே கூடாது. சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா அன்னிக்கு முழுக்கச் சொக்கும், வெளிய போற வேலையை வச்சுக்க வேணாம். பைக்கை டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் குடுக்காதீங்க, எவ்வளவு சண்டை போட்டாலும்.

கடைசியா, அடுத்த மாசம் உங்க நாத்தனார் பொண்ணு கல்யாணம், விருந்துல அவன் இலையில தூங்கி விழுந்தா என்ன பண்றதுன்னு கேட்டிருந்தீங்க. என் தம்பி இப்ப இப்படித்தான் பண்றான்: முகூர்த்தம் முடிஞ்சதும் மண்டபத்து ரூம்ல 20 நிமிஷம் படுத்து எழுந்து, கூட்டம் குறைஞ்ச பந்தியில, ஓர இலையில, பக்கத்துல விஷயம் தெரிஞ்ச ஒருத்தரை வச்சுக்கிட்டு உட்காருவான். பொரியல், கூட்டு, அவியல், வடைன்னு முதல்ல முடிப்பான், சாம்பாருக்கு ரெண்டு கை சாதம், ரசத்தை டம்ளர்ல வாங்கிக் குடிச்சிடுவான், மோர்ச் சாதத்துக்கு இலையை மூடிடுவான், பாயசம் மட்டும் ரெண்டு ஸ்பூன் கண்டிப்பா வேணும் அவனுக்கு. போன தை மாசம் எங்க சித்தப்பா பையன் கல்யாணத்துல அப்படிச் சாப்பிட்டுட்டு சாயங்காலம் ரிசப்ஷன்ல மூணு மணி நேரம் நின்னு எல்லாருக்கும் தாம்பூலப் பை எடுத்துக் குடுத்தான்.